மாடு அளவு எலி

எலி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குக் கோபம் வரும். விலங்கியல் படித்து, அதையே சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவளுக்கு இது அழகில்லைதான். தெரிந்து என்ன செய்ய? கடல் தாண்டி வந்த ஒரு எலிச்சாதி மிருகத்தின் தோல் என் அண்ணனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டுப் போனது. அந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். இதைப் படித்தும் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாங்கள் ஆம்பூர்க்காரர்கள். அண்ணனுக்கும் எனக்கும் நடுவே பிறந்தவை எதுவும் தங்கவில்லை. அதனால் அவர் எனக்குப் பாதி அண்ணன், பாதி அப்பா. அப்பா இறந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தோல் பதனிடுகிற டேனரிக்குள் போனார். சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்து, தோல் ஊறுகிற மரப்பட்டைத் தொட்டியில் கை கறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து கடைசியில் மேஜையைப் பிடித்தார். மேஜை என்றால், பதமாகிக் காய்ந்து வந்த தோல்களைத் தரம் பிரித்து அடுக்குகிற மேஜை. அந்த வேலை பார்ப்பவரை அசார்ட்டர் என்பார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் வேலூரில் காலேஜ் படித்தேன். படித்த இடத்திலேயே லேபில் செய்துகாட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் கிடைத்தது. ஐம்பதுகளின் நடுவில் அது பெரிய விஷயம். எங்கள் தெருவில் மட்டும் அதற்குத் 'தவளை அறுக்கிற வேலை' என்று பெயர்.

அண்ணனின் மேஜை வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது. வெயில் நேராக விழாத வெளிச்சத்தில்தான் தோலின் முகம் தெரியும் என்பார். ஆனால் அவர் கண்ணை அதிகம் நம்பவில்லை, கட்டைவிரலைத்தான் நம்பினார். தோலை விரித்து, மயிர் இருந்த பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுப்பார். மயிர்த்துளைகள் எப்படி வரிசை கட்டியிருக்கின்றன என்பதிலேயே வெள்ளாடா செம்மறியா என்று சொல்லிவிடுவார். மிருகம் செத்து, தலை போய், குளம்பு போய், பெயர் சொல்ல ஒன்றுமில்லாமல் ஆனாலும் தோல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த விரலைப் பற்றி அவருக்கு ஜாஸ்தியாகவே பெருமை உண்டு. சோறு பிசையும்போதுகூட அந்த விரலைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருப்பார்.

எனக்குக் காலேஜில் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர் எதிர். எங்கள் பேராசிரியர் நன்றாகப் பாடம் நடத்துவார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கணியம்பாடிப் பக்கத்து மலையிலிருந்து வந்த ஒரு முள்ளம்பன்றியின் மண்டை ஓட்டை மேஜையில் வைத்து, கண்ணுக்கு முன்னால் கீழே இருக்கிற ஓட்டைக்குள் தன் விரலை விட்டுக் காட்டுவார். "தோலைப் பார்க்காதீங்க, முள்ளைப் பார்க்காதீங்க, தாடையைப் பாருங்க" என்பார். தாடையை அசைக்கிற தசை அணிலில் அந்த ஓட்டை வழியாகப் போவதே இல்லை. எலியில் கொஞ்சம் போகிறது. முள்ளம்பன்றியில் ஒரு பெரிய கற்றையே அதன் வழியாகப் போகிறது. ஆகவே முள்ளம்பன்றி, பன்றிக்கு எந்த விதத்திலும் சொந்தமில்லை. அது கொறிக்கிற சாதி, எலிக்கு ஒன்றுவிட்ட உறவு.

அதே பெரிய ஓட்டை தென் அமெரிக்காவில் ஒரு பெரிய குடும்பத்துக்கே இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் பூனையைவிடச் சிறிய கினிப்பன்றியும் உண்டு, ஆற்றோரம் மேய்கிற ஆட்டளவு கபிபாராவும் உண்டு. இன்று உயிரோடிருக்கும் கொறிக்கிற பிராணிகளில் கபிபாராதான் பெரியது. ஆனால் மண்ணுக்குள் கிடைத்த எலும்புகளைப் பார்த்தால் அது வெறும் பொடிசு. அர்ஜென்டினாவின் ஆற்றங்கரை மண்ணில் மாடு அளவு இருந்த ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. அது கபிபாராவுக்குத் தாத்தா முறை இல்லை, பெரியப்பா வழி. மேற்கிந்தியத் தீவு ஒன்றில், உரத்துக்காகத் தோண்டிய குகை மண்ணில், கரடி அளவு இருந்த இன்னொன்றின் பற்கள் வந்தன. எல்லாம் பூண்டற்றுப் போய்விட்டன. ஏன் அவ்வளவு பெரிதாக வளர்ந்தன, ஏன் போயின, ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

அதைவிட எனக்குப் பிடித்தது அறிஞர்களுக்குள் நடந்த சண்டை. நம் முள்ளம்பன்றியும் அந்த ஊர்க் கபிபாராவும் நிஜமாகவே சொந்தமா? நடுவில் அவ்வளவு பெரிய கடல் கிடக்கிறதே, எப்படிப் போனது? இல்லை, அந்த ஓட்டை அங்கே தனியாகவும் இங்கே தனியாகவும் வந்ததா? "ஒரே மாதிரி இருக்குன்னு சொந்தம் கொண்டாடிடக் கூடாது" என்பார் பேராசிரியர். நான் ராத்திரி சாப்பாட்டின்போது அண்ணனிடம் இதையெல்லாம் ஒப்பிப்பேன். மாடு அளவு எலி என்றதும் அவர் சிரித்து, "அத்த புடிக்க எம்மாம் பெரிய பொறி வேணும் பாப்பா?" என்று கேட்பார். அப்போதெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ஆடி மாதம் மெட்ராஸ் ஏஜெண்டிடமிருந்து டேனரிக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பதமாக்கிய தோல்கள் சில இருந்தன. வெளிநாட்டில் கையுறை தைக்கிறவர்கள் அனுப்பிய சாம்பிள் அவை, நம் ஆட்டுத்தோலை இதே போல மெத்தென்று ஆக்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் மேஜைக்குத்தான் போகும், அதுதான் அங்கே பழக்கம். அன்றைய ஆட்டுத்தோல்கள் அடுக்கியிருந்த மேஜையிலேயே அண்ணன் இதையும் விரித்தார். கட்டைவிரலால் இழுத்தார். விரல் நின்றுவிட்டது.

துளைகள் ஆட்டைப் போல வரிசையாக இல்லை. இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் கூட்டமாக இருந்தன. யுத்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார ஆபீசரின் தோல்பெட்டியை அண்ணன் தொட்டுப் பார்த்திருக்கிறார். அது பன்றித்தோல் என்று அப்போது சொல்லியிருந்தார்கள். விரல் அதை மறக்கவில்லை. அவர் அங்கேயே நின்றபடி சத்தமாக, "மேஸ்திரி, இது பன்னி" என்றார்.

முதலாளி முஸ்லிம். வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள். பன்றி அவர்களுக்கு விலக்கு. அந்தத் தோல் கேட்டுக்குள் வரக் கூடாது என்பதை அங்கே யாரும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. அதில் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவரவர் விலக்கு அவரவருக்கு. அண்ணன் மறைக்காமல் உடனே சொன்னார், அதற்காக அவரைத் தட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மேஸ்திரி என்று ஒரு மகராசன் இருந்தாரே! எங்கள் தெருக்காரர், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவருக்கு வெகுநாளாக அந்த மேஜை மேல் ஒரு கண், மருமகனை அதில் உட்காரவைக்க வேண்டும். "தெரிஞ்சே ஆட்டுத்தோல் மேல விரிச்சான், அத்தனை சரக்கும் தீட்டாப் போச்சு" என்று கிளப்பிவிட்டார். சாயங்காலத்துக்குள் டேனரி முழுக்க வேலை நின்றுபோனது.

முதலாளி மெட்ராஸுக்கு போன் போட்டுக் கேட்டார். அது தென் அமெரிக்கச் சரக்கு, பெயர் கார்ப்பிஞ்சோ, கையுறை வியாபாரத்தில் அதைப் பன்றித்தோலோடுதான் சேர்ப்பார்கள் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, வியாபாரத்தில் எதை எதோடு சேர்த்தால்தான் என்ன!

அண்ணன் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கார்ப்பிஞ்சோ என்ற பெயரைக் கேட்டதும் நான் துள்ளி எழுந்தேன். கபிபாராவுக்கு அர்ஜென்டினாவில் அதுதான் பெயர், பேராசிரியரே வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

"அண்ணா, அது பன்னியே இல்ல! எலிச்சாதி!"

"எலியா? தோலு ஆடு கணக்கா இருக்குது பாப்பா."

"ஆடு அளவுதாண்ணா அது. நான் சொல்லிக்கினே இருப்பேனே, அதான் இது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் முதலாளியைப் பார்க்கப் போனோம். அவர் நல்ல மனுஷர். எனக்கு நாற்காலி போடச் சொல்லி, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா பேச்சு மேல்விஷாரம் டேனரிங்க வரைக்கும் போயிடுச்சி. பன்னித்தோல் டேனரின்னு பேரு வந்துட்டா என் சரக்க எவன் தொடுவான்? பெரிய பேஜாரு இது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்க காலேஜ் பெரிய வாத்தியாரு இங்க வரட்டும். இது பன்னி இல்லன்னு அல்லாரு எதுருலயும் ஒரு வார்த்த சொல்லட்டும். மேஜை உங்க அண்ணனுக்குத்தான். வெள்ளிக்கிழம தொழுகைக்கு முன்ன கூட்டிக்கினு வா" என்றார்.

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் எங்கள் சோறு இருந்தது. நான் தோலின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

பேராசிரியர் அந்தத் துண்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரொம்ப அபூர்வம்மா" என்றார். எனக்கு உயிர் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது.

"இது கபிபாராதான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? மண்டை ஓடு இருக்கா? பல் இருக்கா?"

"தோல் மட்டுந்தான் சார் வந்திருக்கு."

"தோலை வச்சு உறவு சொல்லக் கூடாதுன்னு நானே சொல்லிக்கொடுத்துட்டு, நானே போய்ச் சொல்லலாமா?"

"பன்றி இல்லன்னாவது சொல்லலாமே சார். வியாபாரிங்க சொல்ற பேரும் பொருந்துது. உங்களுக்கே தெரியுது."

அவர் கதவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "காலேஜ் கமிட்டியில தோல் முதலாளிங்க இருக்காங்கம்மா. நான் ஒண்ணு சொல்லி அது வேற மாதிரி ஆச்சுன்னா? எனக்கு எதுக்கு இந்த வம்பு? உங்க அண்ணன் கெட்டிக்காரர், வேற டேனரியில எடுத்துப்பாங்க."

நான் எழுந்தேன். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டார். மனசு மாறிவிட்டதாக்கும் என்று திரும்பினேன். "அந்தத் துண்டை இங்கேயே வச்சுட்டுப் போம்மா, நம்ம மியூசியத்துக்கு ஆகும்" என்றார். வைத்துவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து அது கண்ணாடி அலமாரியில் இருந்தது, கீழே கபிபாரா என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். அப்போது மட்டும் மண்டை ஓடும் பல்லும் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை நானே போனேன். லேபிலிருந்து முள்ளம்பன்றி மண்டை ஓட்டைப் பையில் எடுத்துப்போனேன். டேனரி முற்றத்தில், பட்டை அரைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், எல்லோரும் நின்றிருந்தார்கள். முதலாளிக்குப் பக்கத்தில் அண்ணன் கை கட்டி நின்றிருந்தார். பெரிய வாத்தியார் வரவில்லை என்றதும் முதலாளியின் முகம் மாறியது, இருந்தாலும் பேசு என்று தலையசைத்தார்.

நான் மண்டை ஓட்டைத் தூக்கிக் காட்டி, ஓட்டையைக் காட்டி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். துளை கூட்டமாக இருப்பதால் மட்டும் ஒரு தோல் பன்றித்தோல் ஆகிவிடாது, இந்த மிருகத்துக்கும் பன்றிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் கேட்டார்கள். சில பெரியவர்கள் தலையைக்கூட ஆட்டினார்கள். அப்போதுதான் மேஸ்திரி வாயைத் திறந்தார்.

"எலின்றியே, எலித்தோலு இம்மாம் பெருசா இருக்குமா? நாங்க இன்னா எலியே பாக்காதவங்களா?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் விட முடியாது. "இது சின்னதுங்க. இதோட பங்காளி ஒண்ணு மாடு அளவுக்கே இருந்துச்சு. இப்ப அது இல்ல, எலும்புதான் கெடைச்சிருக்கு" என்றேன்.

உடனே ஒருத்தன் பின்னாலிருந்து, "அப்ப பூனை யானை அளவு இருந்துச்சாம்மா?" என்றான்.

அவ்வளவுதான். முற்றமே குலுங்கியது. பட்டை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவன் கீழே விழுந்து சிரித்தான். முதலாளிகூட கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் மண்டை ஓட்டைப் பிடித்தபடி பைத்தியக்காரி மாதிரி நின்றேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

முதலாளி கையைத் தூக்கிச் சிரிப்பை அடக்கினார். அவர் அண்ணனைக் கைவிட நினைக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "படிச்ச பொண்ணு இவ்ளோ சொல்லுது. நீ தொட்டுப் பாத்து சொன்னது தப்பாயிடுச்சின்னு ஒரு வார்த்த சொல்லிடுப்பா. போதும், நா பாத்துக்கறேன்."

சொல்லுங்கண்ணா, சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அண்ணன் அந்தத் தோலைக் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார்.

"எனக்குப் பன்னின்னுதான் படுது சாயபு" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா என்றேன். வறட்டுப் பிடிவாதம், வீண் ஜம்பம், இன்னும் என்னென்னவோ சொன்னேன். பாலாற்று மணலில் கால் புதையப் புதைய நடந்துகொண்டே, "வெரலுக்குத் தெரிஞ்சத வாயால எப்டி பாப்பா இல்லேன்றது?" என்று மட்டும் கேட்டார். அது தெரிந்ததே தப்பு என்று நான் கத்தினேன்.

மேஜையில் மேஸ்திரியின் மருமகன் உட்கார்ந்தான். ஆம்பூரில் வேறு எந்த டேனரியும் அண்ணனை எடுக்கவில்லை. பன்றியைத் தொட்ட கை என்று சிலர் சொன்னார்கள், எலிக்காரன் என்று சிலர் சிரித்தார்கள். எப்படிச் சொன்னாலும் கதவு மூடித்தான் இருந்தது. கடைசியில் குடியாத்தத்தில் ஒரு லுங்கி தறிக்கூடத்தில் சேர்ந்தார். நூல் மூட்டை தூக்குவது, லுங்கிகளை மடித்துக் கட்டுவது. தோல் தொட்ட விரலுக்கு அங்கே வேலையே இல்லை. முட்டாளுக்குக்கூடத் தெரியும் துணி எது என்று.

நான் காலேஜிலேயே இருந்தேன். வேறெங்கே போவது? பேராசிரியர் ஓய்வு பெற்றபோது மாலை போட்டார்கள், நானும் கை தட்டினேன். பிறகு அவருடைய பாடம் எனக்கே வந்தது. வருஷா வருஷம் அதே மண்டை ஓடு, அதே ஓட்டை, அதே சண்டை. மாடு அளவு என்று நான் சொல்கிற இடத்தில் வருஷா வருஷம் பெஞ்சில் சிரிப்பு வரும். வெளியே போ என்று கத்தியிருக்கிறேன். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்க்கும். பெரிய எலி என்று சொன்னதற்கு இந்தம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போயிருந்தேன். அண்ணனுக்கு மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்துவிட்டது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தார். ஆம்பூரில் அந்த மேஸ்திரி செத்துப்போனார் என்று வழியில் சொன்னேன். நல்ல வார்த்தை எதுவும் என் வாயில் வரவில்லை. அண்ணன் மட்டும் பாவம் என்றார். பெஞ்சில் உட்கார்ந்ததும் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார், பழைய சிரிப்பு.

"அன்னிக்கி அத்தினி ஆம்பளைங்க எதுருல நீ நின்ன பாரு! மாடு அளவு எலியாம்! எனுக்கோசரம் எம்மாம் பெரிய பொய்யி! நீ படிச்ச படிப்பு, காலேஜ் வேலை, மானம், அல்லாத்தையும் பணயமா வச்சி சொன்னியே பாப்பா. கூடப் பொறந்தவங்க யாரு அப்டி செய்வாங்க? அத்த நெனச்சிக்கினுதான் நா இந்த மூட்டைய தூக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணா, அது பொய் இல்ல. நெசமாவே..."

"உடு பாப்பா, எங்கிட்டியுமா? என் வெரலு தப்பாது. அது பன்னிதான்." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நூல் இழுத்து இழுத்து அதன் நடுவில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் தோல் காய்ந்து தடித்திருந்தது.

நான் அந்த விரலைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் தெரியும். ஓட்டை தெரியும், பல் தெரியும், கடல் தாண்டிய சண்டை தெரியும். அலமாரியில் பெயரோடு அந்தத் துண்டு இருக்கிறது, கூட்டிப்போய்க் காட்டினால் நம்பித்தான் ஆக வேண்டும். நம்பினால், ஒன்றுமில்லாததற்குத்தான் இந்த மூட்டை எல்லாம் என்று ஆகிவிடும். அவரிடம் மிச்சமிருப்பது அந்த விரல் ஒன்றுதான்.

"ஆமாண்ணா, பொய்தான்" என்றேன்.

"அப்டி சொல்லு" என்று என் தலையைத் தட்டினார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொடுத்துவிட்டு, பஸ் திரும்புகிற வரை நின்றார். மறுநாள் காலை முதல் வகுப்பே எனக்குக் கொறிக்கிற பிராணிகள்.